குரல் வாணிபம்

உப்பும் மிளகும் துணியும் கடல் கடந்து சென்று விலைப்பட்ட வரலாறு மனித நாகரிகத்தோடு ஒட்டிப் பிறந்த பழைய வரலாறு. மனிதனுடைய குரலே ஒரு சரக்காகி, பெட்டிகளில் அடுக்கப்பெற்று, கப்பலேறித் தேசதேசாந்தரங்களுக்குச் சென்று விலைப்பட்ட வரலாறோ இருபதாம் நூற்றாண்டு பிறப்பதற்குச் சற்று முன்னர்தான் தொடங்குகிறது. அந்த வரலாற்றின் பெரும்பகுதி, 1898-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நிறுவப்பெற்ற கிராமபோன் கம்பெனி என்னும் ஸ்தாபனத்தின் வரலாறேயாகும். நம் நாட்டில் ‘நாய் மார்க்’ என்று சொன்னால் எழுத்தறியாதவரும் அறிந்துகொண்ட அந்த ஸ்தாபனம், ஒரு குறுகிய தெருவின் நிலவறையில் தொடங்கி, மிகச் சில ஆண்டுகளுக்குள் ஐரோப்பாவையும் ஆசியாவின் பெரும்பகுதியையும் தன் வியாபார எல்லைக்குள் கொண்டுவந்தமைக்கு யந்திர நுட்பமும் மூலதனமும் காரணங்களாயிருந்தன என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் அவ்விரண்டும் அதன் போட்டியாளர்களிடமும் இருந்தன. ஒவ்வொரு தேசத்து மக்களுக்கும் அந்தந்தத் தேசத்துச் சங்கீதத்தையே தேடிப் பிடித்து, அவர்களுடைய பாஷையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது என்று அக்கம்பெனி தன் இளமையிலேயே செய்துகொண்ட நிச்சயம்தான் அதன் வளர்ச்சிக்கு மூலகாரணம் என்பது என் துணிபு.

ஒலியைப் பிடித்து வைத்து மீண்டும் பேசவைக்கும் யந்திரத்தை முதன்முதல் செய்து காட்டியவர் அமெரிக்கரான தாமஸ் ஆல்வா எடிசன். அது நிகழ்ந்தது 1877-இல். அவருடைய போனோகிராப் உருளையைக் கையாண்டது. உருளையில் ஒரு பாட்டைப் பதிவது எளிது. பதிந்ததை ஆயிரம் படிகளாகப் பெருக்குவது அக்காலத்தில் எளிதாயிருக்கவில்லை. ஆகவே உருளைகள் மிகுதியாக வேண்டுமானால் பாடகர் அதே பாட்டைத் தொண்டை வற்றத் திரும்பத் திரும்பப் பாடவேண்டியிருந்தது. ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகரில் பிறந்து, இளம்பிராயத்திலேயே அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர் 1887-இல் காப்புரிமை பெற்ற கிராமபோனோ தட்டையான வட்டத் தகட்டைக் கையாண்டது. ஒரு மூலப்பதிவிலிருந்து உலோக அச்சு ஒன்றை எடுத்துவிட்டால், அந்த அச்சைக் கொண்டு நாணயம் அடிப்பதுபோல் எத்தனை தட்டுகள் வேண்டுமாயினும் அடித்துக்கொள்ளலாம். பாடகர் ஒரு முறை பாடினால் போதும். அவர் உறங்கும்போதும், ஊரில் இல்லாதபோதும், உலகை விட்டுப் போன பிறகும் அவருடைய குரல் விற்பனையாகிக்கொண்டேயிருக்கும். குரல் வாணிபம் என்ற ஒன்று சாத்தியமானது இந்த ஒரு மாறுதலால்தான்.

பெர்லினருடைய கண்டுபிடிப்பை ஐரோப்பாவில் பரப்பும் பொருட்டு 1897-இல் லண்டனுக்கு வந்த வில்லியம் பாரி ஓவன் என்னும் அமெரிக்கர், ட்ரெவர் வில்லியம்ஸ் என்ற வழக்கறிஞரின் பண உதவியைப் பெற்று, மறு ஆண்டில் கம்பெனியை நிறுவினார். கோவென்ட் கார்டனுக்கு அருகே மெய்டன் லேன் என்ற தெருவில் அதன் காரியாலயம் அமைந்தது. ஆரம்பத்திலேயே அதன் வேலைகள் பல தேசங்களிடையே பங்கிடப்பட்டிருந்தன என்பது கவனிக்கத்தக்கது. யந்திரத்தின் உறுப்புக்கள் அமெரிக்காவில் காம்டன் நகரத்து எல்ட்ரிட்ஜ் ஜான்சனுடைய பட்டறையிலிருந்து வந்தன. தட்டுகள் ஹானோவரில், பெர்லினருடைய சகோதரர் ஜோசப்பின் தொழிற்சாலையில் அடிக்கப்பெற்றன. குரல்களைச் சேகரிக்கும் பொறுப்பு, பெர்லினரிடம் தொழில் பயின்று லண்டன் வந்து சேர்ந்த ஃபிரெட் கைஸ்பெர்க் என்னும் இருபத்தைந்து வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. பியானோ வாசிக்கத் தெரிந்தவர், பிறர் பாடுவதைப் பொறுமையோடு கேட்கத் தெரிந்தவர் என்ற இரண்டு தகுதிகளும் ஒருங்கே வாய்ந்த அந்த இளைஞரே பின்னாளில் அக்கம்பெனியின் பெருஞ்செல்வம் எனத் தக்கவரானார்.

அதன் முத்திரை அமைந்த விதமும் சொல்லத் தகும். பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர், காலஞ்சென்ற தம் சகோதரர் வளர்த்த நிப்பர் என்னும் நாய், உருளைப் போனோகிராப் ஒன்றின் குழாயருகே தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பதாக ஒரு படம் தீட்டியிருந்தார். அப்படத்திலிருந்த கறுப்புக் குழாயைப் பொன்னிறமாக மாற்றித் தீட்டினால் எடுப்பாயிருக்கும் என்று கருதி, பித்தளைக் குழாய் ஒன்றை இரவல் கேட்கும் பொருட்டு 1899-இல் அவர் மெய்டன் லேனுக்கு வந்தார். உருளை யந்திரத்தை அழித்துவிட்டு அவ்விடத்தில் கிராமபோனையே வரைந்து தந்தால் படத்தைக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும் என்று ஓவன் கூற, அவ்வாறே முடிந்தது. படத்துக்கு ஐம்பது பவுன், அதன் உரிமைக்கு ஐம்பது பவுன், ஆக நூறு பவுன் கொடுக்கப்பட்டது. விளம்பரத்தின் வரலாற்றில் இவ்வளவு சொற்பத் தொகைக்கு இவ்வளவு பெரும்பயன் விளைந்தது வெகு அபூர்வம். ஆனால் அதே ஓவன் மறு ஆண்டில் ஒரு தவறும் செய்தார். பேசும் யந்திரத்தின் மீது ஜனங்களுக்குள்ள மோகம் விரைவில் தணிந்துவிடுமோ என்ற அச்சத்தால் லாம்பர்ட் என்ற தட்டெழுத்து யந்திரத்தையும் செய்து விற்க முற்பட்டு, கம்பெனியின் பெயரையே கிராமபோன் அண்டு டைப்ரைட்டர் என்று மாற்றினார். தட்டெழுத்து யந்திரம் விலைபோகவில்லை. 1907-இல் பழைய பெயரே திரும்பிற்று. தன் தொழிலிலேயே நம்பிக்கை தளர்ந்து வேறு தொழிலைத் துணைக்கு அழைத்த அந்த முயற்சி வீணாயிற்று. ஜனங்கள் விரும்பியது குரலைத்தான் என்பதும் ஐயமறத் தெரிந்தது.

எந்தக் குரல் என்பதுதான் அடுத்த கேள்வி. தொடக்கத்தில் கிராமபோன் ஒரு விளையாட்டுப் பொருளாகவே மதிக்கப்பட்டது. பெரும் வித்வான்கள் அதன் அருகே வருவதை இழிவாகக் கருதினர். அந்த மதிப்பை மாற்றியது 1902-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மிலான் நகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி. என்றிகோ கரூசோ என்னும் இளம் பாடகரின் புகழ் அப்போது இத்தாலியில் பரவத் தொடங்கியிருந்தது. பத்துப் பாட்டுக்கு நூறு பவுன் வேண்டுமென்று அவர் கேட்டதை லண்டனுக்குத் தெரிவித்தபோது, அத்தொகை மிகை, பதிவு செய்யலாகாது என்று தந்தி வந்ததாகக் கைஸ்பெர்க் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். அவர் அந்தத் தந்திக்குக் கட்டுப்படவில்லை. ஹோட்டல் அறை ஒன்றிலே, ஒரே பிற்பகலில், பத்துப் பாட்டும் பதிவாயின. அந்தத் தட்டுகள் ஈட்டித் தந்த பொருளைக் காட்டிலும் அவை ஈட்டித் தந்த கௌரவம் பெரிது. 1904-இல் ஆஸ்திரேலிய இசையரசி மெல்பா லண்டனில் தம் இல்லத்திலேயே கம்பெனிக்குப் பாடினார். அவருடைய தட்டுக்குத் தனி நிறத்தில் சீட்டு ஒட்டி ஒரு கினி விலை வைத்தார்கள். செல்வர்க்கு ஒரு விலை, நடுத்தர வகுப்பாருக்கு ஒரு விலை, ஏழைக்கு வேறு பெயரில் மலிவான தட்டு என்று சரக்கைத் தரம் பிரித்து விற்கும் முறை அவ்வாறு வகுக்கப்பட்டது.

ஐரோப்பாவில் இவ்வாறு நிலைபெற்ற கம்பெனி, அடுத்துக் கிழக்குத் திசை நோக்கிற்று. கல்கத்தாவில் அதன் பிரதிநிதியாக 1901-இலேயே வந்து அமர்ந்திருந்த ஹாட் என்பவர், ஐரோப்பியத் தட்டுகளை இந்தியர் வாங்கமாட்டார்கள், இந்தியச் சங்கீதத்தையே பதிய வேண்டும் என்று லண்டனுக்கு இடைவிடாமல் எழுதிக்கொண்டிருந்தார். அதன் பயனாக 1902-ஆம் ஆண்டின் இறுதியில் கைஸ்பெர்க், பதிவு யந்திரத்தோடும் மெழுகுத் தகடுகள் நிறைந்த பெட்டிகளோடும் கப்பலில் கல்கத்தா வந்து சேர்ந்தார். அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர்களிடம் விசாரித்துப் பார்த்ததில், தாங்கள் ஆளுகின்ற ஜனங்களின் சங்கீதத்தைப் பற்றி அவர்களுக்கு ஏதும் தெரியாதென்பதைக் கண்டு வியந்தார். பிறகு நாடகக் கொட்டகைகளுக்கும், செல்வர் வீட்டு நாட்டியக் கச்சேரிகளுக்கும் சென்று தாமே கேட்டார். நவம்பர் மாதத்தில், ஹோட்டல் அறையொன்றைப் பதிவுக்கூடமாக்கி, கிளாசிக் தியேட்டரைச் சேர்ந்த நடிகைகள் இருவரை முதலில் பாடவைத்தார். சில தினங்களுக்குப் பின் கல்கத்தாவில் பெரும் பிரசித்தி பெற்றிருந்த கௌஹர் ஜான் வந்து பாடினார். ஒவ்வொரு முறையும் புதிய ஆடையும் புதிய ஆபரணமும் அணிந்து வந்த அந்த அம்மையார், பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லி முடிப்பதை அவருடைய தட்டுகளில் இன்றும் கேட்கலாம். அது வீண்பெருமையால் விளைந்ததன்று. மெழுகுத் தகடுகள் ஹானோவருக்குப் போய்ச் சேரும்போது, அங்குள்ள ஜெர்மன் தொழிலாளர்கள் பாஷை தெரியாத பாட்டு யாருடையதென்று அறிந்து சரியான சீட்டை ஒட்டுவதற்கு அந்த அறிவிப்பே உதவிற்று.

அக்காலத்துப் பதிவு முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதில் மின்சாரத்துக்கு இடமில்லை; ஒலிவாங்கியும் இல்லை. அறையின் குறுக்கே ஒரு தடுப்பு. அதன் நடுவிலுள்ள துவாரத்தின் வழியே ஒரு தகரக் குழாயின் அகன்ற வாய் பாடகரை நோக்கி நீண்டிருக்கும். தடுப்பின் மறுபுறத்தில், அந்தக் குழாயின் மெல்லிய நுனியில் ஒரு சவ்வும், சவ்வில் ஓர் ஊசியும், ஊசியின் கீழே சுழலும் கனத்த மெழுகுத் தகடும் இருக்கும். பாடகர் குழாய்க்குள் ஏறக்குறைய முகத்தை நுழைத்துப் பாடவேண்டும். மேல் ஸ்தாயியில் குரல் வெடித்தெழும்போது ஊசி தடம் பிறழாதிருக்கச் சற்றே பின்னுக்கு நகரவேண்டும். தாழ்ந்த ஸ்வரத்துக்கு வரும்போது மறுபடியும் முன்னே வரவேண்டும். பழக்கமில்லாதவர்களைப் பதிவாளரே தோளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துவதுண்டு. மூன்று நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பிழை நேர்ந்தால் அந்தத் தகடு போயிற்று, வேறொரு தகட்டில் மீண்டும் முதலிலிருந்து பாடவேண்டும். பதிந்த மெழுகைப் போட்டுக் கேட்டுப் பார்க்கவும் இயலாது, கேட்டால் தடம் அழிந்துவிடும். இவ்வளவு இடர்ப்பாடுகளுக்கும் இடையே, சுமார் ஆறு வாரத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பதிவுகளைக் கைஸ்பெர்க் இந்தியாவில் செய்து முடித்தார். பிறகு சிங்கப்பூர், ஷாங்காய், டோக்கியோ, பாங்காக் முதலிய நகரங்களிலும் அவ்வாறே செய்து 1903-இல் ஊர் திரும்பினார்.

அந்த மெழுகுத் தகடுகள் ஹானோவரை அடைந்து, தாமிரப் பூச்சேறி, உலோக அச்சாகி, அந்த அச்சுகளால் அடிக்கப்பெற்ற தட்டுகள் மறுபடியும் கப்பலேறி இந்தியக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. தட்டுக்கு வேண்டிய மூலப்பொருள்களுள் முக்கியமானது அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளை ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கின்ற அந்தப் பிசின் சோட்டாநாகபுரிக் காடுகளிலும் வங்காளத்தைச் சூழ்ந்த பிரதேசங்களிலும் ஏராளமாகக் கிடைத்தது. இந்தியக் காட்டில் பொறுக்கிய அரக்கும், இந்தியப் பாடகரின் குரலும் தனித்தனியே கடல் கடந்து சென்று, ஜெர்மனியில் ஒன்றாய்க் கலந்து, தட்டாகித் திரும்பி வந்தன. இரட்டைக் கப்பல் கூலியை மிச்சப்படுத்தவும், புகுந்துவிட்ட போட்டியாளர்களை முந்தவும் கருதி, 1908-இல் கல்கத்தாவில் சீல்டா என்னுமிடத்தில் கம்பெனி தன் தொழிற்சாலையை நிறுவிற்று. அதுவே இருபது ஆண்டுகளுக்குப் பின் டம்டமில் பெரிய தொழிற்சாலையாய் விரிந்தது. இதற்கிடையே லண்டனை அடுத்த ஹேய்ஸ் என்னுமிடத்தில் தலைமைத் தொழிற்சாலை எழுந்தது. அமெரிக்காவில் ஜான்சன் நிறுவிய விக்டர் கம்பெனியோடு 1907-இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அமெரிக்கக் கண்டங்களும் சீனா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் தேசங்களும் விக்டருக்கும், எஞ்சிய உலகம் கிராமபோன் கம்பெனிக்கும் என்று பூமியே இரண்டாகப் பிரித்துக்கொள்ளப்பட்டது. ஒருவர் பதிந்ததை மற்றவரும் தம் எல்லைக்குள் விற்கலாம். ஒருவர் எல்லையில் மற்றவர் நுழைவதில்லை.

தென்னாட்டில் இவ்வாணிபம் விளைத்த பயன் பெரிது. கோயில்களையும் ஜமீன்களையும் அண்டி வாழ்ந்த தேவதாசிக் குலத்துப் பாடகிகளின் கச்சேரிகளுக்கு எதிராகச் சீர்திருத்தக்காரர்களின் கண்டனம் ஓங்கியிருந்த காலம் அது. ஆண் வித்வான்கள் பலர் தங்கள் வித்தை கண்டவர் காதிலெல்லாம் விழுவதை விரும்பாமல் ஒதுங்கி நின்றபோது, துணிந்து முன்வந்து குழாயின் முன் நின்று பாடியவர்கள் பெரும்பாலும் அப்பெண்மணிகளே. சேலம் கோதாவரியும் கோயம்புத்தூர் தாயியும் காஞ்சிபுரம் தனகோடியம்மாளும் பெங்களூர் நாகரத்தினம்மாளும் அவ்வாறு பாடியவர்கள். ராகத்தை மணிக்கணக்கில் விஸ்தாரம் செய்யும் சம்பிரதாயத்தில் வளர்ந்த அவர்கள், மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தின் ஜீவனைக் காட்டி, சாகித்தியத்தையும் பாடி முடிக்கும் அரிய சிக்கனத்தைத் தாமே கண்டுகொண்டார்கள். பிற்காலத்துச் சினிமாப் பாட்டின் அளவும் அந்தத் தட்டின் அளவையே பின்பற்றிற்று. மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் கோயம்புத்தூர் தாயி பாடிய தட்டில் உள்ளம் பறிகொடுத்து, அதையே ஆதாரமாகக் கொண்டு ‘ராகமாலிகா’ என்ற பெயரில் குரலுக்கும் பியானோவுக்குமாக ஓர் இசை இயற்றினார். கொங்கு நாட்டு ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு பெண்மணியின் குரல் பாரிஸ் நகரத்துப் பியானோவில் எதிரொலித்ததற்கு அந்த அரக்குத் தட்டைத் தவிர வேறு தூதில்லை.

முதல் உலக யுத்தம் கம்பெனியின் அஸ்திவாரத்தையே அசைத்தது. ஹானோவர் தொழிற்சாலையும் அங்கிருந்த அச்சுகளும் எதிரிச் சொத்தென்று ஜெர்மன் அரசாங்கத்தால் பறிக்கப்பட்டன. ரஷ்யாவில் செழித்திருந்த வியாபாரம் 1917-ஆம் ஆண்டுப் புரட்சியோடு போயிற்று. யுத்தம் முடிந்த பின் விக்டர் கம்பெனி இதன் பங்குகளில் பாதியை வாங்கிக்கொண்டது. 1925-இல் மின்சாரப் பதிவு வந்து, தகரக் குழாயின் காலம் முடிந்தது. ரேடியோ வீடுகளில் இலவசமாகப் பாடத் தொடங்கியதும், உலகெங்கும் பொருளாதார மந்தம் சூழ்ந்ததும், தட்டுகளின் விற்பனையைக் குலைத்தன. அந்நிலையில் 1931-இல், நெடுநாள் எதிரியாயிருந்த கொலம்பியா கம்பெனியோடு சேர்ந்து ‘எலெக்ட்ரிக் அண்டு மியூசிக்கல் இண்டஸ்ட்ரீஸ்’, சுருக்கமாக ஈ.எம்.ஐ., என்ற புதிய ஸ்தாபனம் உருவாயிற்று. அவ்வாண்டு நவம்பர் மாதம் லண்டனில் அபே ரோடு பதிவுக்கூடத்தை எல்கர் என்னும் இசைமேதை தாமே வாத்தியக்குழுவை நடத்தித் திறந்துவைத்தார்.

இந்த இணைப்பின் விளைவொன்றைச் சென்னைக் கடைத்தெருவிலும் காணலாம். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு வந்து, நண்பர்களோடு சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற கடையை நடத்திய ஏ. வி. மெய்யப்பன், ஓடியன் தட்டுகளின் விநியோகஸ்தராய் விளங்கினார். ஓடியன் ஜெர்மானிய முத்திரை; அதன் தாய்க் கம்பெனியைக் கொலம்பியா 1926-இலேயே வாங்கிவிட்டபடியால், 1931-க்குப் பின் நாய் மார்க்கும் கொலம்பியாவும் ஓடியனும் ஒரே குடும்பத்துப் பெயர்களாயின. கடையில் ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொண்டிருந்த தட்டுகள் லாபத்தைக் கொண்டுசேர்த்த பெட்டகம் ஒன்றே. முத்திரைகளைத் தனித்தனியே உயிரோடு வைத்திருந்து, ஊருக்கு ஊர் உள்ளூர் வியாபாரிகளின் கையில் விற்பனையை ஒப்படைத்து, எந்தப் பாடகர் எடுபடுவார் என்ற அவர்களுடைய அறிவையே தன் அறிவாக்கிக்கொண்ட உபாயம் அது. அந்த அறிவு மெய்யப்பனுக்கும் உதவிற்று. தட்டு விற்பனையில் ஜனங்களின் ரசனையைக் கற்றுக்கொண்டவர், 1935-இல் ‘அல்லி அர்ஜுனா’ என்ற படத்தைத் தயாரித்து சினிமாவில் இறங்கினார்.

பின்னைய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்காவில் 1948-இல் நீண்டநேரம் பாடும் தட்டு வந்தபோது, ஈ.எம்.ஐ. அதனைப் பொருட்படுத்தாமல் 1952 வரை காலங்கடத்திற்று. இங்கிலாந்திலேயே டெக்கா கம்பெனி முந்திக்கொண்டது. 1955-இல் ஈ.எம்.ஐ. அமெரிக்காவின் காப்பிடல் கம்பெனியை விலைக்கு வாங்கி அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டிற்று. 1962-இல், மற்ற கம்பெனிகள் வேண்டாமென்று ஒதுக்கிய லிவர்பூல் இளைஞர் நால்வரை, ஈ.எம்.ஐ.யின் பார்லபோன் முத்திரைக்குப் பொறுப்பாளரான ஜார்ஜ் மார்ட்டின் காது கொடுத்துக் கேட்டு ஏற்றுக்கொண்டதனால், பீட்டில்ஸ் இசைக்குழு அதற்கு வாய்த்தது. ஹேய்ஸிலிருந்த அதன் ஆராய்ச்சிசாலையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு படைத்த சி.டி. ஸ்கேனர் மனித குலத்துக்குப் பேருபகாரம் செய்து, அவருக்கு 1979-இல் நோபல் பரிசையும் பெற்றுத் தந்தது. ஆனால் வைத்தியக் கருவி வியாபாரத்தில் கம்பெனி நஷ்டமடைந்து, அதே ஆண்டில் தார்ன் என்ற வேறொரு கம்பெனியின் கைக்குப் போயிற்று. அதன்பின் பல கை மாறி, 2012-இல் அதன் இசைப்பதிவுத் தொழில் யூனிவர்சல் கம்பெனியோடு கலந்தது. இந்தியக் கிளை நெடுநாட்களுக்கு முன்பே இந்திய முதலாளிகள் வசமாகி, இன்று சரிகம என்ற பெயரோடு வாழ்கிறது.

ஏறத்தாழ நூற்றுப்பதினான்கு ஆண்டு நீண்ட இந்த வரலாற்றைத் தொகுத்து நோக்குங்கால், ஒரு நியமம் தெளிவாகப் புலப்படுகிறது. மிலானிலும் கல்கத்தாவிலும் லிவர்பூல் இளைஞர் விஷயத்திலும், எங்கெல்லாம் கம்பெனியின் ஆட்கள் தம் காதால் நேரே கேட்டு முடிவு செய்தார்களோ, அங்கெல்லாம் அது வென்றது. தலைமைக் காரியாலயத்து நாற்காலியில் அமர்ந்தவாறே ஜனங்களின் விருப்பத்தை அனுமானித்த போதெல்லாம் அது தளர்ந்தது. உலகெங்கும் பரவ விரும்பும் எந்தக் கேளிக்கை வியாபாரத்துக்கும், இன்று திரைப்படங்களையும் தொடர்களையும் பல பாஷைகளில் பரப்ப முயலும் கம்பெனிகளுக்கும், இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை.

வியாபாரக் கணக்கைத் தாண்டிய ஒரு கடனும் இதில் உண்டு. இந்தியப் பாடகர்களில் பெரும்பாலோர் ஆரம்ப காலத்தில் ஒரு முறைச் சன்மானம் பெற்றதோடு சரி. விற்ற தட்டுகளின் லாபத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. சமூகம் அவமதித்த பெண்களின் குரலால் ஒரு பெருஞ்செல்வம் சேர்ந்தது. அதே சமயம், லாபத்தை மட்டுமே நாடிய அந்தக் கம்பெனி தன்னை அறியாமலே நமக்கு ஒரு பேருதவியும் செய்தது: நூறாண்டுகளுக்கு முன் நம் சங்கீதம் எவ்வாறு ஒலித்தது என்பதற்கு அந்தத் தட்டுகளை விடச் சிறந்த சாட்சியமில்லை. பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் தேய்ந்தும் உடைந்தும் கிடக்கும் அவற்றைத் தேடிச் சேர்த்து, பாடியவர் பெயரும் ஊரும் ஆண்டும் குறித்து, பொது நூலகங்களில் எவரும் கேட்குமாறு வைப்பது தமிழ்நாட்டின் கடமை. அவர்களுக்குக் கிடைக்காமற்போன பங்கை இனிப் பொருளாகக் கொடுக்க இயலாது. பெயர் சொல்லிக் கேட்பதன் மூலமாகவே கொடுக்க இயலும்.